பெயிண்ட் வாளியில் நிற்காத பந்தக்கால்

தம்பி, நீ தோற்றுவிட்டாய். சுற்றி வளைக்காமல் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் உனக்கு என் பேச்சு பாதிதான் காதில் விழும். மீதிப் பாதியை "சரிப்பா, சரிப்பா, அப்புறம் பேசுறேன்" என்று நீயே முடித்துவைத்துவிடுவாய். ஜெயித்தவன் பேசும்போது யாரும் குறுக்கே வெட்டக்கூடாது என்பதற்காகத்தான் காகிதத்தை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். உன் அம்மா என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போகிறாள். போகட்டும். கல்யாணமாகி இப்போதுதான் சென்னைக்குக் குடித்தனம் போயிருக்கிற பிள்ளைக்கு அப்பன் எழுதும் முதல் கடிதமா இது, நாலு வார்த்தை வாழ்த்தி எழுதக்கூடாதா என்று கயல் நினைக்கலாம். வாழ்த்தும் இதற்குள்ளேதான் இருக்கிறது, தேடி எடுத்துக்கொள்ளச் சொல். ஒன்று செய். இதை அவள் கையில் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லிவிட்டு, நீ எதிரே உட்கார்ந்து கேள். அவள் சிரிக்கிற இடங்களில் நீ விளக்கம் சொல்லக்கூடாது.

எதில் தோற்றாய் என்று உனக்குத் தெரியும். கயலுக்கு முழுக்கதை தெரியாது, அவளுக்காக ஆரம்பத்திலிருந்து வருகிறேன். நம் அரியலூர் வீட்டில் கேட்டிலிருந்து வாசல்படி வரைக்கும் கிடக்கிற அந்த இடம் இருக்கிறதே, அதற்குத் தரை என்று பெயர் சொல்லலாமே தவிர மண் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இந்த ஊரில் ஒரு சாண் தோண்டினாலே சுண்ணாம்பு இறுகிய சுக்கான்கல்தான். அதற்கு மேல், வீடு கட்டியபோது கொத்தனார்கள் கலவை குழைத்துக் கழுவிவிட்ட சிமெண்ட் தண்ணீர், உடைந்த செங்கல், லாரியில் கொண்டுவந்து கொட்டிய கிராவல் எல்லாம் சேர்ந்து இறுகிப்போய்க் கிடந்தது. அருகம்புல்கூட அங்கே முளைக்க யோசித்தது. உன் அம்மா ஆசை ஆசையாக வைத்த கறிவேப்பிலைக் கன்றுகள் முதலில் மஞ்சளாகும், பிறகு வெளுக்கும், பிறகு குச்சியாகும். "இந்த வூட்டுல பொறந்த புள்ளைங்க வளந்ததே பெரிய விசயம்" என்று அவள் சலித்துக்கொள்வாள்.

உன் அக்கா கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்ட காலையை நீ மறந்திருக்கமாட்டாய். கல்யாணம் மண்டபத்தில் என்றாலும் பந்தக்கால் வீட்டு வாசலில்தானே நடவேண்டும். மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, நவதானிய முடிச்சோடு கல்யாண முருங்கைக் கிளை தயாராக இருந்தது. தாய்மாமன்தான் குழி பறிக்கவேண்டும் என்று உன் மாமாவிடம் கடப்பாரையைக் கொடுத்தோம். அவர் ஓங்கிப் போட்டார். டங் என்று ஒரு சத்தம், தீப்பொறி பறந்தது, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஐயர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அப்போதுதான் நீ, இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த பெரிய மூளைக்காரன், மாடிப்படிக்கு அடியில் கிடந்த பெயிண்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாய். அதில் மணலை ரொப்பிக் காலைச் சொருகினோம். பால் ஊற்றி, பூ வைத்து, பெண்கள் சுற்றி வந்து கும்பிடும்போது ஒரு காற்று வந்தது. அவ்வளவுதான். வாளியும் காலும் தாம்பாளத்தின் மேலேயே சாய்ந்தன. "அடி ஆத்தீ, காலு சாஞ்சிருச்சே" என்று யாரோ ஒரு அத்தை வாயை வைத்தாள். உன் அம்மா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உன் அக்கா குறையில்லாமல் வாழ்கிறாள். மாப்பிள்ளை தங்கம். ஆனால் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும், மாப்பிள்ளை வண்டியில் வழுக்கி விழுந்தாலும், உன் அம்மா முகத்தில் அந்தப் பெயிண்ட் வாளி வந்து போகும். வாய்விட்டுச் சொல்லமாட்டாள். எனக்குத் தெரியும். எனக்குச் சகுனத்திலெல்லாம் நம்பிக்கை கிடையாது. உன் அம்மா முகத்தில் நம்பிக்கை உண்டு. அதனால் அன்றைக்கே மனசுக்குள் முடிவு பண்ணினேன்: இந்த வீட்டில் அடுத்த பந்தக்கால் வாளியில் நிற்காது, நம்ம மண்ணில் நிற்கும். மண் இல்லையென்றால் மண்ணைச் செய்வது.

சொல்வது சுலபம். மண்ணைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? என் பிழைப்பு முழுக்கச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டம்பர் லாரி ஓட்டியதுதான். கல்லை எடுக்கும் முன்னால் மேலே இருக்கும் நல்ல மண்ணை வழித்து அள்ளிக்கொண்டுபோய் ஒரு ஓரமாகக் கொட்டுவோம். அதற்கு எங்கள் பாஷையில் வேஸ்ட் என்று பெயர். மலை மலையாக வேஸ்ட் கொட்டியவன் நான். ரிட்டயர்டு ஆகி வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் ஒரு கூடை நல்ல மண்ணுக்கு நாதியில்லை என்பது உறைத்தது. காசு கொடுத்தால் ஏரி மண் வரும் என்றார்கள். வந்து கொட்டினால் முதல் மழைக்கே பாளமாக இறுகிவிடும் என்றும் அவர்களே சொன்னார்கள். போன தீபாவளி முடிந்ததும், வீட்டுக் குப்பையை மக்கவைப்போம், அதிலிருந்து மண் வரட்டும் என்று மூலையில் ஒரு குழி பறித்தேன். பறித்தேன் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன். தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி எடுப்பதற்குள் என் முதுகு படுத்துவிட்டது.

அந்தக் குழியின் கதை கேவலமானது, ஆனாலும் சொல்கிறேன். காய்கறித் தோல், மிஞ்சின சாதம், வாழைப்பழத் தோல் எல்லாவற்றையும் உன் அம்மாவிடம் கெஞ்சி வாங்கிப் போட்டேன். கார்த்திகை மழை வந்தது. கீழே சுக்கான்கல், தண்ணீர் எங்கே போகும்? குழி தொட்டியாகிவிட்டது. நாற்றம் என்றால் அப்படியொரு நாற்றம். எதிர் வீட்டு லூர்து டீச்சர், வரதராஜன்பேட்டைக்காரம்மா, எவ்வளவு அமரிக்கையானவங்க, அவங்களே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார்கள். "சார், தப்பா நெனைக்காதீங்க. ஜெபம் பண்ண ஒக்காந்தா ஒங்க குழிதான் ஞாபகத்துக்கு வருது" என்றார்கள். எனக்கு மானம் போயிற்று. உடனே என்ன செய்வான் இந்த ஊர்க்காரன்? சுண்ணாம்பைத்தான் தேடுவான். செத்த எலி கிடந்தாலும் சுண்ணாம்பு, சாக்கடை நாறினாலும் சுண்ணாம்பு, கல்யாணத்துக்கும் சுண்ணாம்பு. நானும் ஒரு மூட்டைச் சுண்ணாம்புத் தூளை வாங்கி வந்து குழி முழுக்கக் கவிழ்த்துவிட்டேன். நாற்றம் நின்றது. நெளிந்துகொண்டிருந்த புழு பூச்சியும் நின்றது. மக்குவதும் நின்றுபோய், குழி முழுவதும் வெள்ளை வெளேரென்று பாறை மாதிரி இறுகிக் கிடந்தது. உன் அம்மா இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "சுக்கான்கல்லுல குழி வெட்டி, அதுக்குள்ள சுக்கான்கல்லு செஞ்ச ஆம்பள ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தாங்க" என்றாள்.

பொங்கலுக்கு நீ வந்தபோது பார்த்தது அந்த வெள்ளைக் குழியைத்தான். அந்த விடுமுறையில்தான் செட்டிகுளத்தில் கயலைப் பார்த்துப் பிடித்து, வெற்றிலை பாக்கு மாற்றி, ஆவணியில் கல்யாணம் என்று முடிவானது. வீட்டுக்குத் திரும்பியதும் நீ வாசலில் நின்று காலால் தரையைத் தட்டினாய். "பேசாம மொத்தத்தையும் தளம் போட்ருவோம்பா. சிமெண்ட்டு ஊர்ல இருந்துக்கிட்டு எதுக்குப்பா இந்தப் பாடு? நடுவுல ஒரு பிவிசி பைப்ப நட்டமா பொதைச்சு வுட்டுர்றேன். எத்தன கல்யாணம் வந்தாலும் பந்தக்கால அதுல சொருகிக்கலாம்" என்றாய். பந்தக்காலுக்குப் பைப்! எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிற்று. "அடேய், கொடிக்கம்பமாடா நடுறோம்?" என்று நான் கத்த, நீ கத்த, லூர்து டீச்சர் ஜன்னலைச் சாத்தினார்கள். கடைசியில் நீதான் பந்தயத்தை வைத்தாய். கல்யாணத்துக்குள் அந்த வாசலில் பந்தக்கால் ஊன்றுகிற மாதிரி மண் இருந்தால் நீ வாயைத் திறக்கமாட்டாய். இல்லையென்றால் தளம், நான் வாயைத் திறக்கக்கூடாது. வாசல் சேறாகாமல் சுத்தமாக இருக்குமே என்று உன் அம்மாவும் உன் கட்சியில் சேர்ந்துகொண்டாள். நீ சென்னைக்குப் பஸ் ஏறும் முன்பே கடையில் சொல்லி அந்தப் பைப்பையும் வாங்கிவைத்துவிட்டுப் போனாய், அவ்வளவு நிச்சயம் உனக்கு.

இரண்டாம் தடவை நான் குழி வெட்டவில்லை. தரைக்கு மேலேயே செங்கல்லை இடைவெளி விட்டு வட்டமாக அடுக்கி, அதற்குள் போட ஆரம்பித்தேன். தண்ணீர் தேங்காது, ஆனால் உள்ளே காற்றும் போகாமல் நொசநொச என்றுதான் இருந்தது, லேசாக மணக்கவும் ஆரம்பித்தது. ஒருநாள் உன் அம்மா சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கயல் வீட்டிலிருந்து நிச்சயத்தன்று கொடுத்தனுப்பிய வெங்காயம். மின்விசிறிக் காற்றில் அந்தச் சருகு வீடு முழுக்கப் பறந்தது. கோபத்தில் எல்லாவற்றையும் கூட்டி முறத்தோடு கொண்டுவந்து என் செங்கல் வட்டத்தில் ஒரு பக்கமாகக் கொட்டி, "இதையும் வெச்சுக் கும்புடுங்க" என்றாள். ஒரு வாரம் கழித்துக் கிளறினால், அந்தப் பக்கம் மட்டும் நாற்றமே இல்லை. கையில் எடுத்தால் உதிரியாக, வெதுவெதுப்பாக இருந்தது. ஈரத்தோடு ஈரமாகப் போட்டுக்கொண்டே இருந்ததுதான் கோளாறு என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஈரமானதற்குச் சமமாகக் காய்ந்தது வேண்டும். அது ஊடே இருந்தால்தான் காற்று போகும். இந்தப் பெரிய கண்டுபிடிப்பை உன் அம்மாவிடம் சொன்னேன். "அப்ப கண்டுபுடிச்சது நான்தானே" என்றாள். ஆமாம், அவள்தான். எழுத்திலேயே ஒத்துக்கொள்கிறேன்.

காய்ந்த சருகுக்கு எங்கே போவது? செட்டிகுளத்தில் வெங்காய அறுவடை முடிந்து வெங்காயத்தைச் சேமிக்கப் பட்டறை போடுகிற நேரம். உன் மாமனாருக்குப் போன் செய்து, வாசலில் மண் செய்கிற கதையைச் சொன்னேன். மனுசன் உற்சாகமாகி, மாப்பிள்ளைக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம் என்று உனக்குப் போட்டிருக்கிறார். அன்றைக்கு ஆபீஸிலிருந்து நீ எனக்குப் போட்ட போன் இன்னும் என் காதில் இருக்கிறது. "என்னப்பா நெனச்சுக்கிட்டிருக்காங்க அவங்க? நம்ம வூட்டுக்கு ஒரு வண்டி குப்ப அனுப்புறாராம்! சிரிச்சுக்கிட்டே சொல்றாருப்பா! நம்ம வூடு என்ன குப்பத்தொட்டியா? இந்தச் சம்பந்தமே வேணாம்னு தோணுது" என்று கொதித்தாய். எனக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அடேய், காடு கழனி வைத்திருப்பவன் வாயில் குப்பை என்றால் மக்கிய எரு. மாட்டுச் சாணமும் வைக்கோலும் சேர்ந்து வருசம் முழுக்க மக்கி, வயலுக்கு அடிக்கிற பொன். அதை ஒரு விவசாயி அடுத்தவனுக்குச் சும்மா கொடுக்கிறான் என்றால் அவன் உன்னை எங்கே தூக்கி வைத்திருக்கிறான் என்று யோசி. ஆனால் அதற்குள் நீ கயலுக்கும் காரசாரமாக ஒரு மெசேஜ் தட்டிவிட்டிருந்தாய். அந்தப் பெண் கோபப்பட்டாளா? இல்லை. "எங்கப்பா அவ்ளோ சுலபத்துல யாருக்கும் குப்ப குடுக்க மாட்டாருங்க. பொண்ணுகூடக் குடுத்துருவாரு" என்று பதில் அனுப்பினாளாமே. அன்றைக்கே எனக்கு மருமகள் மேல் மரியாதை வந்துவிட்டது.

எரு வண்டியை நான் வேண்டாம் என்றுவிட்டேன். வாங்கிக் கொட்டி ஜெயித்தால் நீ அதையே பிடித்துக்கொள்வாய் என்று தெரியும். "குப்ப வேண்டாம் சம்மந்தி, பட்டறையில கழிக்கிற வெங்காயச் சருகு இருந்தாப் போதும்" என்றேன். "சருகா? அத நாங்க காத்துல வுட்ருவோம், இல்லன்னா கொளுத்திருவோமே" என்றார். பிறகு மூட்டை மூட்டையாகக் கட்டி, பெரம்பலூர் வரைக்கும் தானே வண்டியில் கொண்டுவந்து, அங்கிருந்து பஸ் கூரையில் போட்டு அனுப்பினார். "நகை கேக்கல, வண்டி கேக்கல, வெங்காயத் தோலு கேக்குறாங்கய்யா மாப்ள வூட்டுல" என்று செட்டிகுளம் பூராவும் நம் பெயர் பரவிவிட்டது. கல்யாணப் பந்தியில்கூட யாரோ என்னைக் காட்டி, "சருகு சம்மந்தி அவருதான்" என்றார்கள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். இங்கே லூர்து டீச்சர் வேறு, தினமும் காலையில் கூட்டிக் கொளுத்துகிற புங்க இலையைக் கொளுத்தாமல் சாக்கில் கட்டி நம் கேட்டில் சாய்த்துவைக்க ஆரம்பித்தார்கள். முதல்நாள் நாற்றத்துக்குச் சண்டைக்கு வந்த அதே கையால். "மணமே வரல சார், குழிய மூடிட்டீங்களோன்னு பாத்தேன்" என்றார்கள். மூடவில்லை டீச்சர், ஜெயிச்சுக்கிட்டிருக்கேன் என்றேன்.

அந்தப் பைப் எங்கே என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே. சொல்கிறேன். அதில் மேலிருந்து கீழ் வரைக்கும் டிரில்லரால் ஓட்டை போட்டு, செங்கல் வட்டத்தின் நடுவில் நட்டமாக நிறுத்திவிட்டேன். நடு வயிறு வரைக்கும் காற்று போவதற்கு அதைவிட நல்ல சாமான் கிடையாது. உன் பைப் வீணாகவில்லை தம்பி, என் கட்சியில் சேர்ந்துவிட்டது. சித்திரை வெயிலில் காயாமல் தண்ணீர் தெளித்து, மண்வெட்டியால் கிளறி, மேலே சாக்கைப் போட்டு மூடி வைத்தேன். ஒரு அடுக்கு அடுப்படிக் கழிவு, அதன்மேல் சருகும் இலையும், மறுபடி அடுக்கு. வைகாசியில் கீழே இருந்ததை எடுத்துச் சலித்தபோது, கருப்பட்டி நிறத்தில், உதிரி உதிரியாக வந்து விழுந்தது. முகர்ந்து பார்த்தேன். தோலும் இல்லை, சோறும் இல்லை, உழுத வயலில் நிற்கிற வாசம். ஒரு காலத்தில் டம்பர் டம்பராக வேஸ்ட் என்று கொட்டியவன், அன்றைக்கு ஒரு முறம் மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு எதிர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் காட்டிக்கொண்டு திரிந்தேன். வெட்கமே இல்லை, அவ்வளவு சந்தோசம். ஆனி, ஆடி இரண்டு மாதமும் வாசலை ஊறவைத்துக் கொத்தி, கல்லையும் காரையையும் பொறுக்கி எறிந்து, மிச்சத்தோடு இந்தக் கருப்பு மண்ணைக் கலந்து நிரப்பினேன். ஓரத்தில் உன் அம்மா நம்பிக்கையில்லாமல் ஒரு கறிவேப்பிலைக் கன்றை ஊன்றினாள். அது மஞ்சளாகவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் கட்சி மாறலாமா என்று அவள் யோசிக்க ஆரம்பித்தாள்.

ஆவணியில் நம் பந்தக்கால் நட்ட அன்று லீவு கிடைக்காமல் நீ சென்னையில் இருந்தாய். நீ பார்க்காத காட்சி இது, நன்றாகக் கேள். அதே மாமா, அதே கடப்பாரை, அதேபோல் பச்சையாக வெட்டி வந்த கல்யாண முருங்கைக் கிளை. பழைய மணிக்கட்டு வலி மனுசனுக்கு மறக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, உள்ளங்கையில் எச்சில் தொட்டுத் தேய்த்து, "எல்லாரும் தள்ளி நில்லுங்க, தெறிக்கும்" என்று எச்சரித்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு முழு பலத்தோடு ஓங்கிப் போட்டார். டங் இல்லை. சத்தமே இல்லை. கடப்பாரை பாதி வரைக்கும் சரக்கென்று உள்ளே போக, பிடித்த பிடியை விடாமல் மாமாவும் அதன் பின்னாலேயே போய் மண்ணில் முழங்கால் குத்தி விழுந்தார். அவர் கையில் ஒட்டிய மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யோவ் மச்சான், என்னய்யா பண்ணி வெச்சிருக்க, அல்வா மாதிரி போவுது!" என்றார். கூடியிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டுச் சிரித்தார். பாலை ஊற்றினோம், ஒரு சொட்டுத் தேங்காமல் மண் குடித்தது. காலை ஊன்றி மிதித்தோம், அசையவில்லை. வேண்டுமென்றே உன் அம்மா அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். இரண்டு தடவை ஆட்டினாள். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தெருவில் நின்று கத்த வேண்டும் போல் எனக்கு இருந்தது. கத்தினேன் என்றுதான் லூர்து டீச்சர் சொல்கிறார்கள்.

மறுநாள் வந்த நீ ஒத்துக்கொண்டாயா? மாட்டாயே. காலைச் சுற்றி வந்து, "குழிய வெட்டி மண்ணு போட்டா எந்தக் குச்சியும் நிக்கும்பா. நிக்கிறது பெருசில்ல. உசுரோட நின்னாச் சொல்லுங்க, அப்ப ஒத்துக்குறேன்" என்றாய். புது மாப்பிள்ளை என்று அன்றைக்கு விட்டுவிட்டேன். கல்யாணம் முடிந்து பந்தல் பிரிக்க வந்தவர்கள், "ஐயா, கால புடுங்கிரவா?" என்று கேட்டார்கள். "வுடுங்க, இருக்கட்டும்" என்றது நானில்லை, உன் அம்மா. நீயோ ஊருக்குக் கிளம்பும்போது, புரட்டாசியில் மேஸ்திரி வந்து தளத்துக்கு அளவெடுப்பார் என்று சொல்லிவிட்டே பஸ் ஏறினாய்.

மேஸ்திரி வந்ததைச் சொல்லும் முன்னால் உங்கள் இருவருக்கும் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், ஜெயித்த வாய்க்கு அந்த உரிமை உண்டு. ஒரே வார்த்தைக்கு அவள் பிறந்த வீட்டில் ஓர் அர்த்தம் இருக்கும், நீ பிறந்த வீட்டில் வேறு அர்த்தம் இருக்கும். குப்பை ஒன்றோடு முடிந்துவிடாது, இன்னும் எத்தனையோ வரும். சூடாவதற்கு முன்னால், சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு தடவை கேட்டுவிடு. அப்புறம், நாற்றம் வருகிறது என்று சுண்ணாம்பைக் கொட்டி மூடாதே. என் முதல் குழி பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது, உள்ளே எல்லாம் செத்துக் கிடந்தது. மனஸ்தாபம் என்றால் கிளறிவிடு, காற்றுப் படட்டும், கொஞ்சம் மணத்தாலும் பரவாயில்லை. குடும்பத்தில் கனமான பேச்சுக்குப் பஞ்சம் இருக்காது. வீட்டு லோன், ஆபீஸ், உடம்பு, பிள்ளை, எல்லாம் ஈரம். ஊடே வெங்காயச் சருகு மாதிரி ஒன்றுக்கும் உதவாத பேச்சும் சிரிப்பும் நிறைய வேண்டும். அது இல்லாமல்தான் பல வீடு நொசநொசத்துப்போகிறது. நானும் உன் அம்மாவும் இத்தனை வருசம் சண்டை போட்டே காலம் தள்ளினோம் என்று நீ நினைக்கிறாய். அந்தக் கேலி எல்லாம் எங்கள் சருகு, தம்பி.

இன்று காலை மேஸ்திரி வந்தார். நான் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவர் வண்டியைக் கொண்டுவந்து பந்தக்காலில் சாய்க்கப் போயிருக்கிறார். கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்த உன் அம்மா போட்ட சத்தத்தில் நான் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். "மேஸ்திரி! அதுல சாய்க்காதீங்க!" என்கிறாள். "ஏம்மா, காஞ்ச கட்டதானே?" என்கிறார் அவர். "கட்டையா? கண்ணத் தொறந்து நல்லாப் பாருங்க" என்றாள். நானும் பார்த்தேன். மாவிலை எல்லாம் சருகாகித் தொங்குகிறது, மஞ்சள் வெளுத்துவிட்டது, அதற்கு நடுவே முள்ளை ஒட்டி இரண்டு இடத்தில் பச்சையாக முட்டிக்கொண்டு நிற்கிறது. உச்சியில் ஒன்று விரிந்தே விட்டது, மூன்று இலையோடு. அவள் அதை நேற்றே பார்த்திருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் ஊரைக் கூட்டிவிடுவேனாம். "அப்ப தளம் போட வேணாமாம்மா? தம்பி சொல்லிச்சே" என்று மேஸ்திரி டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "தம்பி சொல்லும். எங்க வூட்டுப் பந்தக்கால் வேரு வுட்டிருக்கு, அதும்மேல சிமெண்ட்டக் கொட்டச் சொல்றீங்களா? ஒக்காருங்க, டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள் உன் கட்சிக்காரி.

டீ போடப் போனவள் அடுப்பைப் பற்றவைக்காமல் உன் அக்காவுக்குப் போன் போட்டாள். நான் கதவோரம் நின்று கேட்டேன். "ஏய், காலு துளுத்துருச்சுடி" என்றாள். அந்தப் பக்கம் அவள் என்ன கேட்டாளோ, "தம்பி கல்யாணத்துக்கு நட்டதுதான்டி. ஆனா ஒனக்கும் சேத்துத்தான் துளுத்துருக்கு" என்றாள்.

ஏழாவது மாடியில் செடி வைக்க மண் வேண்டும் என்று கயல் கேட்டிருந்தாள். அந்தப் பழைய பெயிண்ட் வாளி நிறைய அள்ளி வைத்திருக்கிறேன். தோற்றவன் வந்து தூக்கிக்கொண்டு போகவும்.

அப்பா